எடை பார்ப்பதற்கு முந்திய வாரம்

கடிதத்தின் சுருக்கம்: எனது மகனுக்கு 22 வயது. பாடசாலையில் கராத்தே பழகியவன், இப்போது எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டைப் போட்டிகளில் பங்குபற்றுகிறான். இன்னும் பத்து வாரங்களில் கொழும்பில் 61.2 கிலோ பிரிவில் சம்பியன் பட்டத்துக்கான போட்டி. இப்போது அவனது நிறை 68.5 கிலோ. மிச்சத்தைக் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து இறக்கிவிடலாம் என்று மாஸ்டர் சொல்கிறாராம். மத்தியான வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் உடுப்போடு பயிற்சி செய்கிறான். தகப்பனின் பிரஷர் குளிசை அட்டையில் இரண்டு குறைந்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அதற்கும் சண்டை பிடிக்கிறான். தலையில் அடிபட்டு ஏதும் நடந்துவிடுமோ என்று எனக்கு நித்திரை இல்லை. கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் வாங்கி நிறுத்திவிடலாமா? – ஒரு தாய், கொக்குவில்.

அன்புள்ள சகோதரிக்கு,

தலையில் விழக்கூடிய அடியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிய நீங்கள், குறைந்துபோன இரண்டு குளிசைகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகனுக்கு இப்போது இருக்கும் பெரிய ஆபத்து எதிராளியின் கையில் இல்லை, எடை பார்ப்பதற்கு முந்திய சில நாட்களில் அவன் தன் உடலுக்குத் தானே செய்துகொள்ளப்போகும் காரியங்களில்தான் இருக்கிறது என்பது எனது எண்ணம்.

பிரஷர் உள்ளவர்கள் பலருக்குச் சிறுநீரைக் கூட்டி வெளியேற்றும் குளிசையும் சேர்த்துக் கொடுக்கப்படுவது வழக்கம். உங்கள் கணவரின் குளிசை அந்த வகையாக இருக்கலாம். கிளினிக் கொப்பியைக் காட்டி மருந்தாளரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தக் குளிசை நீரை மட்டும் வெளியேற்றுவதில்லை, பொட்டாசியம் போன்ற உப்புகளையும் கொண்டுபோய்விடுகிறது. ஏற்கெனவே வியர்த்து வற்றிய உடலில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குழம்பக்கூடும். இந்தக் காரணம் அவன் காதில் ஏறாவிட்டால் இன்னொன்றைச் சொல்லுங்கள். வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் பட்டியலில் சிறுநீர் கூட்டும் மருந்துகள் போட்டி நாளில் மட்டுமல்ல, எந்நாளிலும் தடைசெய்யப்பட்டவை. இலங்கையிலும் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இதற்கென ஒரு முகவரகம் இயங்குகிறது. உயிரைப் பற்றிச் சொன்னால் சிரிக்கின்ற வயதில், பட்டம் பறிபோகும் என்றால் கேட்பார்கள். குளிசைகளைப் பூட்டி வையுங்கள், பூட்டியதை அவனிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர், போட்டிக்கு முதல் நாள் எடை குறைக்கும் முயற்சியில் மயங்கி விழுந்து, பின்னர் வைத்தியசாலையில் இறந்தார். அந்தப் போட்டியை நடத்திய ஒன் சம்பியன்ஷிப் நிறுவனம் அதன்பின் நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடைசெய்து, வீரர்களின் சிறுநீர் அடர்த்தியைச் சோதித்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1997 இன் இறுதியில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள், மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இதே வகையில் இறந்தார்கள். இந்த நால்வரில் ஒருவர்கூட எதிராளியின் அடியால் இறக்கவில்லை.

பிளாஸ்டிக் உடுப்பு ஏன் கூடாது என்பதையும் அவன் விளங்கிக்கொள்ள வேண்டும். வியர்வை காய்ந்து ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. உடுப்புக்குள்ளேயே வியர்வை அடைபட்டால் உடம்பு வியர்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் குளிராது. யாழ்ப்பாணத்து ஆவணி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அது வெப்ப அதிர்ச்சிக்கு நேர்வழி. அப்படிக் குறையும் எடையில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. அடுத்த செம்பு தண்ணீரோடு அது திரும்பி வந்துவிடும். பேச்சுக் குழம்பினால், விடாமல் வாந்தி எடுத்தால், சிறுநீர் பிளேன்ரீயின் நிறத்தில் போனால், மாஸ்டரிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் ஏற்றுங்கள்.

இனிக் கணக்கு. 68.5 இலிருந்து 61.2 க்கு இறங்க 7.3 கிலோ குறையவேண்டும். பட்டப் போட்டியில், சாதாரண போட்டிகளில் கிடைக்கும் ஒரு இறாத்தல் சலுகையும் இல்லை. இதில் பெரும்பகுதியைக் கடைசி வாரத்தில் தண்ணீராக இறக்குவது பைத்தியக்காரத்தனம். ஆனால் இன்று தொடங்கி வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் உணவால் குறைத்தால், ஒன்பது வாரத்தில் அவன் 64 கிலோ அளவுக்கு வந்துவிடுவான். எஞ்சுவதில் ஒரு பங்கு, கடைசி நாட்களில் நார்ச்சத்தையும் உப்பையும் குறைப்பதாலேயே போய்விடும். அதன்பின் மிஞ்சும் சிறு அளவைத் தண்ணீரில் குறைப்பதென்றாலும், அது ஒரு வைத்தியருக்குத் தெரிந்து நடக்கவேண்டும். ஆறாவது வார முடிவில் அவன் 65.5 அளவில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் இந்தப் பட்டம் இந்த முறை அவனுடையதல்ல, 65.8 கிலோ பிரிவில் ஒரு போட்டி தரும்படி ஏற்பாட்டாளர்களுக்கு அன்றைக்கே அறிவிப்பதுதான் மரியாதை. அதை அறிவிக்கவேண்டியவன் அவன், நீங்கள் அல்ல.

உங்கள் அடுப்படிக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது. சோற்றையும் புட்டையும் நிறுத்தாதீர்கள், பயிற்சி செய்பவனுக்கு மாச்சத்து வேண்டும். குறைக்கவேண்டியவை புட்டுக்குள் அள்ளிப்போடும் தேங்காய்ப்பூ, சொதியின் முதற்பால், பொரியல், பின்னேரத் தேநீரோடு வரும் வடையும் ரோல்சும். எடை குறையும்போது தசை கரையாதிருக்க, நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது விளையாட்டு உணவியலார் பொதுவாகச் சொல்லும் அளவு. அவனுக்கு அது குறைந்தது 110 கிராம். மீனும் முட்டையும் உள்ள நாட்களில் இது கடினமல்ல.

திருவிழாவின் 25 நாட்களும் வேறு கதை. அந்த நாட்களில் மச்சம் வேண்டும் என்று அவன் அடம்பிடிப்பதும், சாமிக் காரியம் என்று நீங்கள் கோபிப்பதும் இரண்டுமே தேவையற்றவை. உலர்ந்த சோயாமீற்றில் ஏறக்குறையப் பாதி புரதம்தான்; 100 கிராமை ஊறவைத்துக் கறியாக்கி இரண்டு நேரத்துக்குப் பகிர்ந்து கொடுத்தால் நாட்கணக்கில் ஏறக்குறையப் பாதி முடிந்துவிடும். ஒரு லீற்றர் பாலில் 30 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. மிகுதியைப் பயறும் கடலையும் உழுந்தும் தயிரும் பார்த்துக்கொள்ளும். சைவச் சாப்பாட்டில் பலம் வராது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர் சோற்றையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் மட்டும் மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்று: நீங்கள் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருங்கள், அவனை இருக்கவைக்காதீர்கள்.

பயணத்தையும் யோசிக்கவேண்டும். எடை பார்ப்பது வழக்கமாகப் போட்டிக்கு முதல் நாள். அதற்கு முந்திய இரவில் பஸ் ஏறி, 400 கிலோமீற்றர் அளவு தூரத்தைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தபடியே கடப்பது நல்லதல்ல. எடை பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கொழும்பில் இருக்கட்டும். தராசிலிருந்து இறங்கியவுடன் ஒரு லீற்றர் தண்ணீரில் ஜீவனி எனப்படும் உப்பும் சீனியும் கலந்த தூள் பைக்கற் ஒன்றைக் கரைத்து, ஒரேயடியாக அல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். பிறகு உப்புப் போட்ட கஞ்சி, அதன் பிறகு சோறு. இளநீர் போதும் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு; வியர்வையில் போனது பெரும்பாலும் சோடியம் என்பதால், இளநீர் கூடவே இருக்கலாமே தவிரத் தனியே போதாது. உடனே சேலைன் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் (சேலைன் மேல் எங்களவர்களுக்கு உள்ள நம்பிக்கை அளவற்றது), வைத்தியசாலைச் சிகிச்சைக்காக அன்றி 12 மணி நேரத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளத்தில் ஏற்றுவது வாடா விதிப்படி குற்றம் என்பது நினைவிருக்கட்டும்.

நீங்கள் பயந்த தலையடி. 1993 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இந்த விளையாட்டின் முதலாவது பெரிய போட்டி நடந்தபோது விதிகள் மிகச் சொற்பம். இதன் கெட்ட பெயருக்கு அதுவே காரணம். 2001 இல் நியூ ஜேர்சியில் வகுக்கப்பட்ட பொது விதிகளின்படி நடுவரும் வைத்தியரும் போட்டியை நிறுத்தலாம், தாங்க முடியாதவர் கையால் தட்டிக் காட்டி விலகலாம். ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு இந்த விளையாட்டு விருப்பமானதும் அல்ல. ஆனால் ஒரு வீரன் வாங்கும் அடிகளில் பல, போட்டியில் அல்லாமல் பயிற்சிச் சண்டைகளில் விழுகின்றன. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்வைத் தடுக்காது. ஆகவே முழுப் பலத்தோடு அடித்துக்கொள்ளும் பயிற்சி வாரத்தில் எத்தனை முறை, கடைசிப் பத்து நாட்களில் அது நிறுத்தப்படுகிறதா என்று கேளுங்கள். தலையில் அடிபட்டுத் தலைச்சுற்றோ மறதியோ வந்தால், வைத்தியர் சம்மதிக்கும்வரை அவன் பயிற்சிச் சண்டைக்கே இறங்கக்கூடாது.

சத்தியம் வாங்கவேண்டாம். 22 வயதுப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கினால் அவன் சண்டையை விடமாட்டான், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவான். கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவராமலே போய்விடும். இந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு, கணவரையும் மகனையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். சாதாரண போட்டி ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டப் போட்டி ஐந்து சுற்று. வற்றிய உடம்போடு தராசில் ஏறியவன் ஒரே நாளில் முழுதாகத் தேறமாட்டான், நாலாம் சுற்றில் அவன் கை உயராது. மாஸ்டருக்கு இந்தக் கணக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். ஒன்பது வார எடைத் திட்டத்தை அவர் எழுத்தில் தருவாரா, எந்த வைத்தியர் பார்க்கிறார், ஆறாம் வாரத்தில் எடை நிற்காவிட்டால் விலகச் சம்மதிப்பாரா என்று நேராகக் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் தந்தால் மகனைப் போகவிடுங்கள். மழுப்பினால் அந்தப் போட்டி வேண்டாம் என்று உங்களோடு சேர்ந்து நானும் சொல்வேன், அந்த நிலையில் மகனுக்கே தனியாக ஒரு கடிதம் எழுதவும் தயார்.