பழைய கட்டுகளை அவிழ்க்கும் முன்

வாசகர் கேள்வி – பதில்

உள்ளாட்சி அலுவலகங்களின் பதிவறைகளைக் குறித்துக் காவிரிப் படுகையிலிருந்து வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் நகராட்சி அலுவலகம் விரைவில் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய கட்டடத்தின் பதிவறையில் கூரை வரை கோப்புக் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்த நானும் நண்பர்கள் சிலரும் முன்வந்தோம். ஆணையரும் வாய்மொழியாகச் சம்மதித்தார். எல்லாவற்றையும் பொருள்வாரியாகப் பிரித்து, முக்கியமானவற்றை ஸ்கேன் செய்துவிடலாம் என்று நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்தச் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். யார் யார் வருவார்கள், எந்த அறையில் எந்த நேரத்தில் வேலை செய்வார்கள், உடன் இருக்க வேண்டிய பணியாளர் யார் என்பவை ஆணையரின் ஆணையில் இருக்க வேண்டும். நகர்மன்றத்தில் ஒரு தீர்மானமும் நிறைவேறினால் இன்னும் நல்லது. நாளை ஒரு கோப்பு காணாமற்போனால் முதலில் சந்தேகப்படுவது வெளியாட்களைத்தான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டு கடந்த ஓர் ஆவணம் உரிய காப்பிலிருந்து, அதாவது அதை வைத்திருக்க வேண்டியவரின் பொறுப்பிலிருந்து, வந்ததாக இருந்தால், அதிலுள்ள கையெழுத்து மெய்யானதென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. நல்ல எண்ணத்தோடு வீட்டுக்கு எடுத்துச் சென்று துடைத்துத் திருப்பி வைத்த பதிவேடு, அந்தக் காப்பின் தொடர்ச்சியை இழந்துவிடுகிறது. ஆகவே ஒரு தாள்கூட அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

அடுத்து, பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். குடிநீர் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம் என்று வைத்தால் தேடுவது எளிது என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டுகள் ஏற்கெனவே ஓர் ஒழுங்கில்தான் இருக்கின்றன: எந்தப் பிரிவு எழுத்தரிடம் உருவானது, எந்த ஆண்டில் எந்த எண்ணில் முடிந்தது என்ற ஒழுங்கு அது. ஒரு வடிகால் கட்டிய கதையை அறிய வேண்டுமானால் ஒப்பந்தக் கோப்பு, அதை அங்கீகரித்த மன்றத் தீர்மானம், பொறியியல் பிரிவின் அளவுப் புத்தகம், பணம் கொடுத்த வவுச்சர் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். நான்கையும் இணைப்பவை அவற்றின் எண்ணும் ஆண்டும்தான். அந்த வரிசையைக் கலைப்பது குறுவை விதையையும் சம்பா விதையையும் ஒரே விதைக்கோட்டையில் கொட்டுவதற்குச் சமம். கலைந்து கிடப்பதாக உங்களுக்குத் தோன்றும் கட்டையும் முன்பு ஒரு பதிவறை எழுத்தர் ஏதோ ஒரு காரணத்தோடுதான் கட்டியிருப்பார். காரணம் விளங்கும் வரை அதை அப்படியே விட்டுவையுங்கள்.

இடமாற்றத்துக்கு முன் ஒவ்வொரு அலமாரிக்கும் ஓர் எண், ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் கொடுத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்புக் கட்டிலும் மென்மையான பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைச் செருகுங்கள். பால்பாயிண்ட் பேனாவையும் ஒட்டும் நாடாவையும் அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். பிறகு பட்டியல். இருப்பிடம், கட்டின் வெளியே எழுதியுள்ள வாசகம் மாறாமல், பிரிவு, முதல் தேதி, கடைசித் தேதி, உள்ளே இருப்பவை கோப்புகளா பதிவேடுகளா, அவற்றின் நிலை: இவ்வளவு போதும். ஒவ்வொரு கோப்பையும் படித்துச் சுருக்கம் எழுதத் தொடங்கினால் ஆண்டுக்கணக்கில் ஒரே அலமாரியில் நிற்பீர்கள். தெரியாததற்கு எதிரே கேள்விக்குறி இடுங்கள். ஊகத்தை மட்டும் எழுதாதீர்கள்.

தேதி எழுதுவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நில வருவாயோடு தொடர்புடைய கடிதங்களில் பசலி ஆண்டு இருக்கும்; அதனுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்பது 1950 ஜூலை 1 முதல் 1951 ஜூன் 30 வரை. நகராட்சியின் நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குவது, சொத்துவரி அரையாண்டுக் கணக்கில் நடப்பது. ஒரே கோப்பில் இரண்டு வகை ஆண்டும் வரும். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுழற்சியை மறக்கக் கூடாது: ‘விகிர்தி’ என்பது 1950–51ஆகவும் இருக்கலாம், 1890–91ஆகவும் இருக்கலாம். தாளும் மையும் எழுத்தும் எந்தக் காலத்தவை என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, மாற்றிய ஆண்டைத் தனி நிரலில் போடுங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் பயன் உண்டு. பழைய தஞ்சை மாவட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மாயவரம், மன்னார்குடி ஆகிய ஐந்தும் 1866ஆம் ஆண்டிலேயே நகராட்சிகளாயின. இத்தகைய ஊர்களின் மன்றத் தீர்மானப் புத்தகங்கள் எவ்வளவு பின்னோக்கிக் கிடைக்கின்றனவோ அவ்வளவுக்குக் குளம் தூர்வாரியது, காலராக் காலத்து நடவடிக்கை, தெருவிளக்கு வந்தது என ஊரின் வரலாறு நேரடியாகக் கிடைக்கும். என் பார்வையில் தீர்மானப் புத்தகத்தைக் காட்டிலும் செழிப்பானது, யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் சொத்துவரிக் கேட்புப் பதிவேடுதான். எந்தத் தெருவில் யாருக்கு எந்த வீடு, எப்போது கை மாறியது, எந்தத் திண்ணை வீடு கடையாயிற்று என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்வது அது. பார்ப்பதற்கு வறண்ட எண்களாக இருப்பதால் கழிவுத்தாளாகப் போவதும் அதுவே.

ஸ்கேன் செய்வது கடைசி வேலை. இன்று எல்லோரும் அதிலேயே தொடங்குகிறார்கள். பட்டியல் இல்லாத கட்டைப் படமெடுத்தால், அறையில் இருந்த குவியல் வன்தட்டில் இன்னொரு குவியலாகிறது, அவ்வளவே. பட்டியல் முடிந்த பிறகு, அடிக்கடி கேட்கப்படுபவற்றையும் உதிரும் நிலையில் உள்ளவற்றையும் தேர்ந்து, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுத்து, படத்தின் பெயரில் பட்டியல் எண்ணையே இட்டு, பிரதியை வேறொரு கட்டடத்திலும் வைக்கச் சொல்லுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும், ஆதார் நகல்கள் உள்ள அண்மைக் கோப்புகளையும் தன்னார்வலர் படமெடுக்கவே வேண்டாம். அவை அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: நான் ஊராட்சித் தலைவர். மழையில் கூரை ஒழுகி, தீர்மானப் புத்தகங்களும் பழைய வீட்டுவரிப் பதிவேடுகளும் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைத்தால் போதுமா?
– வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: வெயிலில் வைக்காதீர்கள். நேரடி வெயில் தாளைச் சுருங்கவைத்து மையை வெளுக்கச் செய்யும். காற்றோட்டமான அறையில் மின்விசிறிகளை ஓடவிட்டு, பதிவேட்டை விசிறிபோல் விரித்து நிறுத்தி, சில தாள்களுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாளையோ மையொற்றுத் தாளையோ செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை ஏறிவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள். ஊற்றுப்பேனா மையும் ஊதாப் பென்சில் எழுத்தும் நீரில் கரையக்கூடியவை என்பதால், சேறு படிந்திருந்தாலும் கழுவுவது ஆபத்து. காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம்.

நம் கடலோர ஈரப்பதத்தில் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நனைந்தவை கையாள முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தால், சிறு சிறு பொட்டலங்களாகப் பாலித்தீன் தாளில் சுற்றிக் கடுங்குளிரில் உறையவைப்பதே காலத்தை வாங்கும் வழி. உறைந்த தாளில் பூஞ்சை வளராது, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். நாகை மாவட்டக் கரையில் மீனுக்கென்று உறைகுளிர் வசதி வைத்திருப்பவர்களிடம் ஒரு மூலையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வாடை ஒட்டாமல் இரட்டை உறை போடுங்கள். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே ஒதுக்கி, முகக்கவசமும் கையுறையும் அணிந்தே தொடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதியில்தான் கரையைக் கடந்தது. அடுத்த புயலும் வரும் என்பதால், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்திலும், அலமாரி சுவரை ஒட்டாமலும் இருக்கட்டும். சுவரோடு ஒட்டினால் ஈரமும் கரையானும் ஒன்றாக ஏறும். தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் தூள் முடிச்சு வைப்பது நம் வழக்கம். நல்லதுதான், ஆனால் அறை ஈரமாக இருந்தால் எந்த முடிச்சும் உதவாது.

கேள்வி: மாயவரம் வட்டத்தில் பழைய மாவட்ட வாரியம் செய்த பணிகளைப் பற்றிக் கல்லூரி ஆய்வுக்காகத் தேடுகிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வளவு பழைய கோப்பு எதுவும் இல்லை என்கிறார்கள். யாரிடம் கேட்பது?
– மாணவர், மயிலாடுதுறை

பதில்: தம்பி, அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் மாவட்டம் 2020இல் பிறந்தது. அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டம். 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம். ஒவ்வொரு பிரிவினையிலும் நடப்புக் கோப்புகள் புதிய தலைநகருக்குப் போகும், முடிந்த கோப்புகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே தங்கும். ஆகவே நீங்கள் தேடும் ஆண்டில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். மேலும், மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்புகளாக இருந்த மாவட்ட வாரியங்கள் 1950களின் இறுதியில் மறைந்து, 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. எனவே வாரியத்தின் சாலை, பள்ளி, மருந்தகக் கோப்புகள் இன்றைய ஒன்றிய அலுவலகங்களில் சிதறியிருக்க வாய்ப்புண்டு.

வாரியம் அரசுக்கு எழுதியவையும் அரசின் ஆணைகளும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். 1909 முதல் அங்கே இயங்கிவரும் காப்பகம் அது, ஆய்வாளர்களுக்குத் திறந்திருப்பது. தஞ்சை மாவட்ட வாரியம் தானே முதலிட்டு அமைத்த மாயவரம்–முத்துப்பேட்டை இரயில்பாதை 1894இல் திறக்கப்பட்டது. உங்கள் தலைப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது, அரசுக் கடிதப் போக்குவரத்தில் அதன் தடங்களைப் பின்தொடருங்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நினைவூட்டலாம். ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு வைத்திருப்பது பொது அதிகார அமைப்பின் கடமை என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. ஆவணங்களை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுப்பதும் அந்தச் சட்டம் தரும் உரிமையில் அடங்கும். ஒரு குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்: கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலும் சிட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குகள், ஊராட்சிச் செயலரிடம் உள்ளவையே உள்ளாட்சிப் பதிவுகள். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் இரண்டும் தாமதமாகும்.

கேள்வி: இடமில்லை என்பதற்காகப் பழைய கோப்புகளை எடைக்குப் போடுவது சட்டப்படி சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எல்லாக் கோப்பும் என்றென்றும் இருக்க வேண்டியதில்லை. கோப்பு முடியும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று குறித்துவிடுவார்கள், முறையே ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று பொருள். காலம் முடிந்ததை, பட்டியல் தயாரித்து, அதிகாரியின் ஒப்புதல் பெற்று, அழிப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு அழிக்கலாம். இடப்பற்றாக்குறை மட்டும் காரணமாகாது. நடுவண் அரசு அலுவலகங்களுக்கான 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், 1892க்கு முந்தைய ஆவணங்களை, காப்பகப் பயன் எதற்கும் உதவாதபடி சிதைந்திருந்தாலொழிய, அழிக்கக் கூடாது என்கிறது. அது நகராட்சிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், நம் ஊர்களுக்கும் அதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பத்தாண்டுக் குறி இட்டதிலும் சில, பின்னாளில் ஊர் வரலாற்றுக்கு வேண்டியவையாக இருக்கும். அழிப்புப் பட்டியலை ஒரு வரலாற்று ஆசிரியரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தரங்கம்பாடியின் அரிய ஆவணங்கள் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கின்றனவே, பேரூராட்சித் தாள்களுக்காக இவ்வளவு கவலை எதற்கு?
– வாசகர், தரங்கம்பாடி

பதில்: 1620இல் இரகுநாத நாயக்கர் காலத்தில் வந்த டேனியர் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்கும் வரை எழுதியவற்றில் பெரும்பகுதி கோபன்ஹேகனில் இருப்பது உண்மை, அந்த வணிகக் கம்பெனிகளின் ஆவணங்கள் 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தன. ஆனால் அவை கம்பெனியின் கணக்குகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உங்கள் ஊரில் யாருடைய வீடு இருந்தது, யாருக்கு எங்கே மனை கிடைத்தது என்பதைக் கோபன்ஹேகனில் தேட முடியாது. அதற்கான தாள்கள் உள்ளூர் அலுவலகங்களில்தான் இருக்க முடியும். பலவற்றுக்கு மறுபிரதி இராது.

கேள்வி: அலுவலகப் பரணில் யாராலும் படிக்க முடியாத கோட்டெழுத்தில் ஒரு சிறு கட்டு கிடைத்தது. மராத்தியாக இருக்குமோ?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மேலே ஒரு நீண்ட கோடு இழுத்து, எழுத்துகள் கையெடுக்காமல் தொடர்ந்து ஓடினால் பெரும்பாலும் மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தாக இருக்கும், தஞ்சை மராத்தியர் அரசவைக் கணக்குகள் அந்த எழுத்தில் எழுதப்பட்டவை. கட்டை அவிழ்க்காமல், வெளித்தாளை மட்டும் படமெடுத்து, அலுவலகத் தலைவர் வாயிலாகச் சரசுவதி மகால் நூலகத்துக்கோ தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ எழுதுங்கள். மோடி ஆவணங்களைக் கையாண்ட பழக்கம் இரண்டு இடத்திலும் உண்டு. பதில் வரும் வரை, எந்தப் பரணில், எந்தக் கட்டுகளுக்கு நடுவே கிடைத்தது என்பதை எழுதிக் கையெழுத்திட்டு அதனுடனேயே வையுங்கள்.