அப்பாவுக்குக் கூட்டும் ஊசி, அம்மாவுக்குக் குறைக்கும் ஊசி

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி): அப்பாவுக்கு வயது 63. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். நுரையீரல் புற்றுநோய்க்காகத் திருவனந்தபுரத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. ஏற்றுகிறார்கள், நான்கு தடவை முடிந்துவிட்டது. அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதவில்லை, அடாலிமுமாப் ஊசி தொடங்கலாம், அதற்கு முன்னால் டிபி டெஸ்ட் எடுக்கணும் என்கிறார் நாகர்கோவில் டாக்டர். ஒருவருக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறார்கள், ஒருவருக்குக் குறைக்கிறார்கள். இதெப்படி? இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாமா? சீந்தில்கொடிக் கஷாயம் இரண்டு பேருக்கும் நல்லது என்கிறார்களே? ஊசியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? மூன்று நாளாக அப்பாவுக்குத் தினமும் ஐந்தாறு தடவை வயிற்றாலே போகிறது. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சேரவில்லை போலிருக்கிறது.

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் நான் தொடங்க வேண்டும். மரச்சீனியின் மேல் பழியைப் போடாதீர்கள். பெம்ப்ரோலிசுமாப் ஏறுகிறவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மருந்தால் வந்த குடல் அழற்சி என்றே எடுத்துக்கொள்வோம். வழக்கமாகப் போவதைவிட நாளுக்கு 4 முதல் 6 தடவை கூடினால் இரண்டாம் நிலை. 7 தடவையோ அதற்கு மேலோ கூடினால் மூன்றாம் நிலை, அட்மிஷன் வேண்டும். இரத்தமோ காய்ச்சலோ கடுமையான வயிற்றுவலியோ சேர்ந்தால் தடவையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இதைப் படித்த கையோடு ஊசி போடும் மருத்துவமனையைப் போனில் கூப்பிடுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இதில் வழக்கமாக எங்கே தவறுகிறது என்றால், பக்கத்து கிளினிக்கில். உணவு ஒவ்வாமை என்று ஆன்டிபயாடிக்கும், போக்கை நிறுத்த லோபெரமைடும் கொடுப்பார்கள். இரண்டு நாள் நின்றது போலிருக்கும். உள்ளே குடல்சுவர் புண்ணாகிக்கொண்டே போகும், ஓட்டை விழுமளவுக்குக்கூட. எனவே எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது: “இவருக்குப் போடுவது கீமோ இல்லை, இம்யூனோதெரபி.” கீமோவில் வெள்ளணுக்கள் குறைவதால் கிருமியைத் தேடி ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இங்கே வெள்ளணுக்கள் சொந்தக் குடலையே தாக்குகின்றன. மலப் பரிசோதனையில் கிருமி இல்லையென்றால் மருந்து ஸ்டீராய்டு. இரண்டாம் நிலையில் பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி. வரை, அதாவது 55 கிலோ எடைக்கு 55 மி.கி. அளவில் தொடங்கி, 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். நன்றாகிவிட்டது என்று பத்தாம் நாளே நீங்களாக நிறுத்தினால் திரும்ப வரும். ஸ்டீராய்டு எடுத்தால் புற்றுநோய் ஊசி வீணாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். பக்கவிளைவுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு, ஊசி தந்த பலனை அழித்துவிடுவதில்லை.

மூன்று முதல் ஐந்து நாளில் ஸ்டீராய்டுக்குக் கேட்கவில்லையென்றால் அடுத்து வருவது பெரும்பாலும் இன்ஃப்ளிக்சிமாப், கிலோவுக்கு 5 மி.கி. அது, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து. அம்மாவுக்குப் போடப்போகும் அடாலிமுமாப் தடுப்பதும் அதே டி.என்.எஃப்-தான். ‘கூட்டும்’ ஊசி போட்ட அப்பாவுக்கு ‘குறைக்கும்’ ஊசியும் தேவைப்படலாம் என்றால், கூட்டல் குறைத்தல் என்ற பேச்சே அவ்வளவு சரியில்லை என்று தெரிகிறதல்லவா?

பேச்சிப்பாறையில் தண்ணீர் திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. எந்தக் கால்வாயில் எந்த ஷட்டர் திறந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. ஒரு கடைமடை காய்ந்து கிடக்கும் அதே நாளில் இன்னொரு மடையில் தண்ணீர் வரப்பை உடைக்கும். இந்த மருந்துகள் எல்லாமே ஷட்டர் வேலைதான்.

ஒரு ஷட்டரைக் கிட்டே போய்ப் பார்ப்போம். டி செல் என்ற வெள்ளணு வேலையில் இறங்க இரண்டு சைகை வேண்டும். எதிரியின் துண்டு ஒன்றை இன்னொரு செல் அதற்குக் காட்ட வேண்டும். கூடவே அந்தச் செல்லின் மேலுள்ள பி7 புரதம், டி செல்லின் சி.டி.28 புரதத்தைத் தொட வேண்டும். வேலை தொடங்கியபின் டி செல் சி.டி.எல்.ஏ-4 என்ற மற்றொரு புரதத்தை மேலே கொண்டுவரும். அது பி7-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள, சைகை அறுந்து டி செல் அடங்கும். சி.டி.எல்.ஏ-4-ஐ மறைத்து, டி செல்லை அடங்கவிடாமல் செய்யும் மருந்து இபிலிமுமாப். 2011-ல் மெலனோமா தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே சி.டி.எல்.ஏ-4-ஐ ஆய்வகத்தில் தயாரித்து ஊசியாகக் கொடுத்தால், அது பி7-ஐப் பிடித்து டி செல்லை அடக்கும், அதுதான் அபாடசெப்ட். வெள்ளணுக்கள் சொந்த மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்துக்கு 2005-லேயே வந்துவிட்டது. அப்பாவின் ஊசி வேலை செய்வது பி.டி-1 என்ற பக்கத்து ஷட்டரில். இந்த இரண்டையும் புற்றுநோய்க்குப் பயன்படுத்த வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஷட்டரைத் தவறாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் ஆகும் என்று, சி.டி.28-ஐ நேரே தூண்டும் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை உருவாக்கினார்கள். 2006 மார்ச்சில் லண்டனில் 6 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு அதை ஏற்றினார்கள். குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500-ல் ஒரு பங்குதான். சில மணி நேரத்தில் ஆறு பேருடைய உறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கின. ஆறு பேரும் தீவிர சிகிச்சையில் பிழைத்தார்கள். மனிதரில் இப்படி வெடித்தெழுந்த ஒருவகை டி செல்களில் குரங்குக்கு சி.டி.28 கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது. இப்போது இத்தகைய மருந்தை மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும்போது ஒருவருக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்துதான் அடுத்தவருக்குப் போகிறார்கள்.

இனி அம்மா. டிபி டெஸ்ட் ஏன்? பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி நோயாக வெளிப்படாமல் உறங்கிக் கிடக்கும். வெள்ளணுக்கள் அதைச் சுற்றிச் சுவர் கட்டி வைத்திருக்கும். அந்தச் சுவரைத் தாங்கும் சுண்ணாம்பு டி.என்.எஃப். அதைத் தடுத்தால் சுவர் இளகி, கிருமி வெளியே வரும். 2001-ல் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அறிக்கை வந்தபிறகுதான் இந்தப் பரிசோதனை கட்டாயமானது. நெஞ்சு எக்ஸ்-ரே, மாண்டூ (கைத்தோலில் ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்ப்பது) அல்லது இக்ரா இரத்தப் பரிசோதனை, கூடவே ஹெப்படைடிஸ் பி பரிசோதனை. மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் எடுப்பவர்களுக்கு மாண்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும். எனவே கை வீங்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உறங்கும் கிருமி இருந்தால் தடுப்பு மாத்திரை தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஊசி. பிறகு இருமல் இல்லாமலே வரும் மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, கழுத்துக் கட்டி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அந்த முறை ஊசியைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். எலிக்காய்ச்சலா, டெங்குவா என்று தெரிந்தபிறகு போடலாம். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் என்பது தெரிந்திருக்கும். இருந்தாலும் காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிடுங்கள். தினமும் விழுங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீந்தில் வேண்டாம், இருவருக்கும். அதைத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு, உடம்பே ஈரலைத் தாக்கும் வகை ஈரல் அழற்சி வந்ததை 2021, 2022-ல் நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அப்பாவின் ஊசியும் இதே வகை ஈரல் அழற்சியைத் தரக்கூடியது. அம்மாவின் மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைப் பாதிக்கக்கூடியது. மருந்தா, சீந்திலா, எது காரணம் என்று தெரியாமல், தேவையான மருந்தை நிறுத்த வேண்டி வரும்.

அப்பாவுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் முன் ஈரல், சிறுநீரகம், சர்க்கரை பார்ப்பார்கள். தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். புதிதாக மூச்சிரைப்பு வந்தால் ‘நோய்தானே’ என்று விடக்கூடாது, நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். இமை தொங்குதல், நெஞ்சுவலி, தலை கிறுகிறுக்கும் சோர்வு எல்லாம் அன்றைக்கே சொல்ல வேண்டியவை. ஊசியை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை வரலாம்.

ஒரே வீட்டில் தாராளமாக இருக்கலாம். ஒருவர் மருந்து மற்றவரைத் தொற்றாது. அப்பாவின் மருந்து ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். அம்மாவுடையது, வழக்கமாக 40 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவிலோ ஃப்ரீசரை ஒட்டியோ வைக்காதீர்கள், நடுத்தட்டில் வையுங்கள். உறைந்த ஊசியை, உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும், போடக்கூடாது. மருந்துக்கடையிலிருந்து கொண்டுவரும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்குக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு துணி வையுங்கள். போடுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்துவைத்தால் எரிச்சல் குறையும். வெந்நீரில் போட்டுச் சூடாக்க வேண்டாம்.