சர்க்கரை இருந்தால் புரை முத்தும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, 15 வருஷமாகச் சர்க்கரை. வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் கருவிழி செல்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். புரையைத்தானே எடுக்கப் போகிறார்கள், கருவிழியை எதற்குப் பார்க்க வேண்டும்? அப்பாவோ, “நன்றாக முத்தட்டும், அப்புறம் செய்யலாம்” என்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், முத்தும் வரை காத்திருக்க வேண்டாம். அது பழைய ஆபரேஷன் காலத்துப் பேச்சு. இன்று பேக்கோ முறையில் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறோம். முத்திய புரை கல்லாக இறுகிவிடும். அதை உடைக்கக் கூடுதல் அதிர்வு வேண்டும். அந்த அதிர்வு நடப்பது கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல இருக்கும் கார்னியாவுக்கு, சில மில்லிமீட்டர் பக்கத்தில்.

கருவிழியின் உள்பக்கத்தில் என்டோதீலியம் என்ற செல்கள் ஒரே ஒரு அடுக்காக இருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். அதை ஓயாமல் வெளியே தள்ளி, கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை இவைதான். பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும். செத்த செல் மறுபடி முளைக்காது. பக்கத்துச் செல்கள் விரிந்து அந்த இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். எண்ணிக்கை 500 வாக்கில் இறங்கினால் கருவிழியே நீர் கோத்து மங்கிவிடலாம்.

புரை ஆபரேஷனில் யாருக்கும் கொஞ்சம் செல்கள் போகும். சர்க்கரைக்காரர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் செல்களின் அளவும் அறுகோண வடிவமும் ஒழுங்கு கெட்டிருப்பது உண்டு. அதனால் இழப்பு கூடலாம், கருவிழி வீக்கம் வடியவும் நாளாகலாம். உங்கள் டாக்டர் கேட்பது இதற்காகத்தான். இந்தச் செல்களை எண்ணும் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோபி என்பது படம் எடுக்கும் சோதனை, ஊசியோ வலியோ கிடையாது. எண்ணிக்கை குறைவு என்று முன்பே தெரிந்தால், செல்களைக் காக்கும் ஜெல்லைத் தாராளமாக விட்டு, அதிர்வைக் குறைத்துச் செய்வேன். நடுவில் தெரிய வந்து என்ன பயன்?

விழித்திரையையும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆபரேஷன் தேதி நெருங்குகிறதே என்று அம்மா சர்க்கரை மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில நாள் லேசான மங்கல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் வாரங்கள் கழித்தும் காலையில் எழுந்ததும் பனிமூட்டமாகவும், நேரம் போகப் போகத் தெளிவாகவும் தெரிந்தால் கருவிழியில் நீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அழைத்துப் போங்கள். வலி, சிவப்பு, திடீரெனப் பார்வை குறைவது என்றால் அன்றைக்கே.