பாட வருகிறவருக்கு மட்டும்தான் தொண்டா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு பேசப் போனோம். பாட்டுக் குழுவை நடத்தும் அண்ணாவி கேட்ட தொகையில் தலை சுற்றிவிட்டது. கலையை வைத்துப் பிழைக்க நினைப்பது சரிதானா? நம் குமரி மாவட்டத்துக் கவிமணியும் சுந்தர ராமசாமியும் எழுத்தை நம்பியா அடுப்பு மூட்டினார்கள்?
– விழாக் கமிட்டி உறுப்பினர், தக்கலை

பதில்: மூட்டவில்லைதான். கவிமணி வாத்தியார் வேலை பார்த்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. தோப்பில் முகமது மீரான் வியாபாரி, பொன்னீலன் கல்வித்துறை அதிகாரி. பொன்னீலனுக்கு 1994இலும் மீரானுக்கு 1997இலும் சாகித்திய அகாதெமி விருது வந்தது. அது வரும்வரை அடுப்பு எரிய வேண்டாமா?

ஆனால் இவர்களை நீங்கள் சாட்சிக்கு இழுத்தது நியாயமில்லை. கடையை அடைத்துவிட்டு வந்து ராத்திரி எழுதலாம். அரைப் பக்கம் எழுதிவிட்டு மீதியை ஆறு மாதம் கழித்தும் எழுதலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. உங்கள் அண்ணாவிக்கு அந்த வசதி உண்டா? நீங்கள் குறித்த நாளில் வில்லைக் கட்டியாக வேண்டும். குடம், உடுக்கை, தாளம், பின்பாட்டு என்று ஐந்தாறு பேரைக் கூட்டி வர வேண்டும். சாமியாடிக்கு அருள் வரும் கட்டத்துக்குக் கதையை நேரம் பிசகாமல் கொண்டுசேர்க்க வேண்டும். பூஜை தாமதமானால் கதையை நீட்டுவதும் முந்தினால் சுருக்குவதும் அவர் பாடு. விடிய விடியப் பாடிவிட்டு, காலையில் வேறெந்த வேலைக்குப் போவார்? கொடைக் காலம் முடிந்தால் வில்லும் குடமும் வீட்டு மூலைக்குப் போய்விடும். தலை சுற்றிய அந்தத் தொகையில் வேன் வாடகையைக் கழித்து, ஆறு பேருக்கு வகுத்துப் பார்த்தீர்களா?

மைக் செட்டுக்காரரிடமும் பந்தல்காரரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். வாணவேடிக்கைக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று கமிட்டி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கற்சிலை செதுக்கும் மயிலாடிக்குப் போய், 'அம்மன் சிலைதானே, கல்லுக்கு மட்டும் காசு தருகிறேன்' என்று ஒரு சிற்பியிடம் சொல்லியும் பாருங்கள். உளி கையில் இருக்கும், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டும் பாடினார், சினிமாவில் நன்றாகவே சம்பாதிக்கவும் செய்தார். கலை கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை. அவருடைய கொடையைப் பற்றி இன்றும் பேசுகிறோம். வாங்காமல் எங்கிருந்து அள்ளிக் கொடுத்திருப்பார்?

இதைப் படித்துவிட்டு, நமக்குக் கவிதை அனுப்பும் பிள்ளைகள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. வேண்டாம் மக்களே. எங்கள் சன்மானம் ஒரு துண்டு நெய்மீனுக்குக் காணாது. யாரும் கேட்காமல், தன் மனசுக்காக எழுதுகிறவர் ஊரிடம் சம்பளம் கேட்க முடியாது. அண்ணாவியின் கதை வேறு. வீடு தேடிப் போய் அழைத்தது நீங்கள். அவரிடம் பேரம் பேசுங்கள், தப்பில்லை. தர்மம் பேசாதீர்கள்.

தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டு நாள் பாட்டை ஒரு நாளாகக் குறையுங்கள். அச்சாரத்தை இப்போதே கொடுங்கள், பாக்கியை விடியற்காலையில் வில்லை அவிழ்க்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். 'பொருளாளர் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்' என்று அனுப்பிவைக்கும் கமிட்டிகள் நம் பக்கம் உண்டு. உங்களுடையது அந்தக் கணக்கில் வராது என்றே நம்புகிறேன்.