இரத்தம் உறையவைக்கும் புரதம் மூட்டு வீக்கத்தை வளர்க்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உட்கொள்கிறார். அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் சோதனைக் குழாயில் படியும் வேகம்) அளவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதமும் உயர்ந்திருப்பதாக மருத்துவர் கூறினார். இரத்தம் உறைவதற்கு உதவும் புரதத்துக்கும் மூட்டு வீக்கத்துக்கும் என்ன தொடர்பு? “இரத்தம் கெட்டியாகிவிட்டது, தினமும் ஓர் ஆஸ்பிரின் கொடு” என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். முடக்குவாதக்காரர்கள் பலர் ஏற்கெனவே வலி மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதனுடன் ஆஸ்பிரினும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஃபைப்ரினோஜென் கல்லீரலில் உருவாகும் புரதம். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால், அங்குள்ள எதிர்ப்பணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருள் கல்லீரலை எட்டி, இப்புரதத்தை மேலும் அதிகமாக உருவாக்கச் செய்கிறது. அது மிகும்போது சிவப்பணுக்கள் அடுக்கிவைத்த நாணயங்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டி, சோதனைக் குழாயில் விரைவாகக் கீழே இறங்குகின்றன, ஈ.எஸ்.ஆர். உயர்வதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே உங்கள் அம்மாவின் இரண்டு முடிவுகளும் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: அழற்சி இன்னும் அடங்கவில்லை.

ஆனால் இப்புரதம் அழற்சியின் அடையாளம் மட்டுமன்று. த்ராம்பின் என்ற நொதி ஃபைப்ரினோஜெனை வெட்டி ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அவ்விழைகள் முடக்குவாதம் தாக்கிய மூட்டின் உட்சவ்வில் படிகின்றன. அவற்றின் மீது வெள்ளணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளால் பற்றிக்கொண்டு மேலும் தூண்டப்படுகின்றன. 2007இல் வெளியான எலி ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வெள்ளணுக்கள் பற்றும் அந்த ஓரிடம் மட்டும் மாற்றப்பட்ட ஃபைப்ரினோஜென் கொண்ட எலிகளுக்கு மூட்டழற்சி குறைந்திருந்தது. அவற்றின் இரத்தமோ வழக்கம்போலவே உறைந்தது. உறையவைக்கும் வேலையையும் அழற்சியைத் தூண்டும் வேலையையும் பிரிக்க முடியும் என்ற இந்த முடிவையே இத்துறையில் மிகுந்த நம்பிக்கை தரும் செய்தியாக நான் கருதுகிறேன்.

இவ்விரு வேலைகளின் உறவு மிகப் பழமையானது. நம் கடற்கரைகளில் காணப்படும் பெலாங்காஸ் எனப்படும் குதிரைலாட நண்டின் இரத்தம், சிலவகைப் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் பட்டவுடனே உறைந்து கிருமியைச் சிறைப்படுத்திவிடும். அதற்கு உறைதலே நோய் எதிர்ப்பு.

அப்படியானால் உறைதலைத் தடுத்தால் அழற்சி தணிந்துவிடாதா? உறைதலையும் அழற்சியையும் ஒருங்கே அடக்கும் என்ற எதிர்பார்ப்போடு, கடுமையான இரத்தத் தொற்றுக்காக 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘செயலூட்டப்பட்ட புரதம் சி’ மருந்து, பின்னர் நடந்த பெரிய ஆய்வில் உயிர் காக்கும் பலன் உறுதிப்படாததால் 2011இல் திரும்பப் பெறப்பட்டது. முடக்குவாதத்தில் பலன் தந்திருப்பது எதிர்த்திசை வழியே. இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் போன்ற மருந்துகள் அழற்சியைக் குறைக்கும்போது ஃபைப்ரினோஜெனும் தானாகவே இறங்குகிறது. அது உங்கள் அம்மாவுக்குத் தேவையா, இப்போதைய மருந்தின் அளவை மாற்றினாலே போதுமா என்பதை மூட்டு நோய் நிபுணரே முடிவு செய்ய வேண்டும்; அடுத்த சந்திப்பில் தயங்காமல் கேளுங்கள்.

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கால் இரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் இரத்தம் கட்டும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சந்திப்பு நாள்வரை காத்திராமல் அவரை உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.