டிரம் கோர் நிகழ்ச்சிகளில் மைக்கும் சிந்தசைசரும் வந்தது நல்லதா?

கேள்வி கேட்டவர் 1990-களின் வீடியோ ஒன்றையும் சமீபத்திய வீடியோ ஒன்றையும் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறார். "இப்போது ஏன் சினிமா தியேட்டர் மாதிரி அதிர்கிறது? நிஜமாகவே இவர்கள்தான் வாசிக்கிறார்களா?" என்று கேட்கிறார். வாசிப்பது அவர்கள்தான். ஆனால் அந்த அதிர்வில் பெரும் பங்கு மைதானத்தின் முன்னால் வைத்திருக்கும் சப்வூஃபர் என்ற கீழ்ச்சுர ஸ்பீக்கரிலிருந்து வருகிறது.

நான் அமெரிக்காவின் ஓஹியோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மகள் ஹைஸ்கூல் பேண்டில் மரிம்பா (மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்தாள். அவளை அழைத்துக்கொண்டு போய்ப் போய் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த அளவுதான் என் தகுதி.

தெரியாதவர்களுக்கு: டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகள், டிரம், கொடி சுழற்றுபவர்கள் என்று நூற்றைம்பது பேர் அளவுக்கு இளைஞர்கள் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் ஓடி ஓடி வாசிக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி. (எழுத்தில் கடைசியில் இரண்டு எழுத்து வரும். உச்சரிப்பில் வராது. கோர்ப்ஸ் என்று சொல்லி ஒருமுறை மகளிடம் மாட்டிக்கொண்டேன்.) போட்டிகளை நடத்துவது டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ. முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் நடந்தது. இப்போது இறுதிப்போட்டி இண்டியானாபொலிஸில் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது.

மின்சாரம் இதற்குள் இரண்டு தவணையாக வந்தது. 2004-ல் மைக், ஸ்பீக்கர். 2009-ல் மின்னணுக் கீபோர்டான சிந்தசைசர், பதிவு செய்த ஒலிகளை வாசிக்கும் சாம்ப்ளர். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

முதலில் மைக். மைதானத்தின் முன் விளிம்பில் மரிம்பா, அதே மாதிரி உலோகக் கட்டைகள் கொண்ட வைப்ரஃபோன் எல்லாம் வரிசையாக நிற்கும் இடத்தைப் 'பிட்' என்பார்கள். மரிம்பா மென்மையான கருவி. அறைக்குள் வாசிக்கத்தான் பொருத்தம். அதைத் திறந்தவெளியில் எண்பது டிரம்பெட், டியூபா (கீழ்ச்சுரம் ஊதும் பெரிய கருவி) போன்றவற்றுக்கு முன்னால் வைத்தால் என்ன கேட்கும்? அதனால் அந்தக் காலத்தில் கெட்டியான தலை வைத்த குச்சிகளால் ஓங்கி அடிப்பார்கள். சுரம் வராது, 'டக் டக்' என்ற சத்தம்தான் முன்னால் வரும். கட்டைகளும் பாழாகும். மைக் வந்த பிறகு நூல் சுற்றிய மெத்தென்ற குச்சியைக் கையில் எடுக்க முடிந்தது. என் மகள் வீட்டில் இரண்டு குச்சிகளாலும் ஒரே கீழ்ச்சுரத்தைத் தட்டிக் காட்டினாள். முதலாவது கதவைத் தட்டுவது மாதிரி. இரண்டாவது தட்டிய பிறகும் அடிவயிற்றில் கொஞ்ச நேரம் நின்றது. "இதைத்தாம்ப்பா மைக் கொண்டு வந்துச்சு" என்றாள். அதோடு மைக் பற்றிய என் சந்தேகம் தீர்ந்தது.

சிந்தசைசர் வேறு கதை. அதை வாசிப்பதும் குழுவில் ஒருவர்தான், அதில் குறையில்லை. ஆனால் பல குழுக்கள் அதைப் புதுச் சத்தம் தேடப் பயன்படுத்துவதில்லை. உச்சக்கட்டம் வரும்போதெல்லாம் டியூபா வாசிக்கும் அதே கீழ்ச்சுரத்தை அடியில் ஒரு போர்வை மாதிரி விரித்துவிடுகிறார்கள். ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைத் தமிழில் 'பிசுக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். கனமான ஒரு டியூபாவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓடும் பையனின் சத்தம் எது, ஸ்பீக்கரின் சத்தம் எது என்று எனக்குத் தெரிவதில்லை. என் புகார் அந்த ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். பின்கோட்டில் அடித்த டிரம் சத்தம் முன்கோட்டுக்கு வர ஏழில் ஒரு பங்கு வினாடி ஆகும். வேகமான பகுதியில் இரண்டு தட்டுக்கு இடைப்பட்ட நேரமே அதைவிடக் குறைவு. அதனால் பிட்டில் இருப்பவர்கள் பல இடங்களில் தாளம் காட்டும் கண்டக்டரின் கையைப் பார்ப்பதில்லை, பின்னாலிருந்து வரும் டிரம் சத்தத்தைக் காதில் வாங்கி அதோடு வாசிப்பார்கள். அப்போதுதான் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேரும். சிந்தசைசர் வாசிப்பவரும் இப்படித்தான் காத்திருந்து வாசிக்க வேண்டும். ஸ்பீக்கர்களோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பின்னால் நிற்பவருக்குக் கேட்பது கேலரியில் மோதித் திரும்பும் எதிரொலி. அதை நம்பி வாசித்தால் தொலைந்தார். இத்தனையையும் மீறி ஒன்றாக வாசிக்கிறார்கள் என்பதால், "மெஷின் வந்ததும் பிள்ளைகளுக்கு வேலை குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். தூறல் போட்டது. மைக் ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸர் மேல் பிளாஸ்டிக் ஷீட் மூடியிருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்கி மூன்று நிமிடம் இருக்கும், 'பட்' என்று ஒரு சத்தம், ஸ்பீக்கர் எல்லாம் செத்துப்போனது. வாசிப்பு நிற்கவில்லை. மெதுவான பாட்டு வந்தது. ஒரு பெண் மைக் முன்னால் வந்து நின்று வாயசைத்தாள், எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பிட்டில் நான்கு பேர் மரிம்பாவின் மேல் கைகளை அவ்வளவு அழகாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள், மழைச் சத்தம்தான் கேட்டது. பாவமாக இருந்தது. அப்புறம் பித்தளை மொத்தமும் சேர்ந்து ஒரு நீண்ட சுரக்கூட்டைப் பிடித்தது. வழக்கமான அதிர்வு இல்லை. ஒல்லியாகத்தான் இருந்தது. ஆனால் டியூபாக்கள் எங்கே நிற்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. இடது பக்கம், கொஞ்சம் பின்னால். யாரோ ஒருவர் நடுவில் மூச்செடுத்ததுகூடத் தெரிந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு தாத்தா எழுந்து நின்று கத்தினார். இந்த மாதிரிப் பழைய ரசிகர்களை 'டைனோசர்' என்று கிண்டல் செய்வார்கள். அன்று நானும் எழுந்து நின்றேன்.

அதே நாள் அந்த மரிம்பாக்காரர்களுக்கு நடந்தது அநியாயம் என்பதையும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் மகள் வேறு எதையும் பேசவில்லை.

எலக்ட்ரானிக்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது, ஓஹியோவின் கேன்டன் ஊர்க் குழுவான புளூகோட்ஸ் 2014-ல் செய்த 'டில்ட்' நிகழ்ச்சியைக் கேளுங்கள் என்பது. ஹார்ன்களும் (பித்தளை ஊதுகருவிகள்) சிந்தசைசரும் சேர்ந்து பிடித்த சுரம் அப்படியே வழுக்கிக் கீழே இறங்கும். தரையே சாய்வது போல இருக்கும். தலைப்புக்கும் அதுதான் பொருள். வெறும் ஹார்ன்களால் அந்தச் சத்தம் வந்திருக்காது, வெறும் மெஷினாலும் வந்திருக்காது. அந்த வருடம் அவர்கள் இரண்டாமிடம். 2016-ல் முதல்முறையாகச் சாம்பியன் ஆனார்கள். ஒளிக்காமல், இதோ மெஷின் என்று காட்டிப் பயன்படுத்தினால் எனக்குச் சந்தோஷம்தான்.

"எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள்" என்ற குரல் புதிதும் அல்ல. ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே 'ஜி' சுருதியில் அமைந்த பியூகிள் என்ற பித்தளை ஊதுகருவியைத்தான் ஊத வேண்டும். 2000-த்தில் மற்ற சுருதிக் கருவிகளையும் அனுமதித்தபோது இதே புலம்பல். 2014-ல் டிராம்போன் உள்ளே வந்தபோதும் அதே.

கேட்டவர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு யோசனை. கோடையில் பக்கத்து ஊரில் போட்டி நடந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பார்க்கிங் இடத்தில் குழுக்கள் பயிற்சி செய்துகொண்டிருக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். டியூபாக்கள் வட்டமாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பத்தடி தள்ளி நில்லுங்கள். ஸ்பீக்கரே கிடையாது, செருப்புக்கு அடியில் தார் அதிர்வது தெரியும். பிறகு உள்ளே போய் முன்வரிசை டிக்கெட் வாங்கிவிடாதீர்கள், அது சப்வூஃபருக்கு நேர் எதிரே இருக்கும். நடுவில், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே ஏறி உட்காருங்கள்.