டிஐ-82 கால்குலேட்டருக்கு நிரல் அனுப்பும்போது இணைப்பு அறுந்துபோவது பற்றி

வணக்கம். கால்குலேட்டரைக் கணினியுடன் இணைக்கும் சில்வர்லிங்க் யுஎஸ்பி கேபிளைக் கணினி அடையாளம் கண்டுகொண்டாலும், கோப்புகளைக் கால்குலேட்டருக்கு மாற்றும் டிஐஎல்பி மென்பொருளிலிருந்து நிரலை அனுப்பியவுடன் நேரம் கடந்துவிட்டதாகப் பிழை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேபிள் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு.

1993இல் வெளிவந்த டிஐ-82, பின்னால் வந்த மாடல்களைப் போலக் கணினி அழைத்தவுடன் தானாகப் பதில் தராது. அதனால் மென்பொருளின் தானியங்கிக் கண்டறிதலை நம்பாமல், மாடலை நீங்களே டிஐ-82 என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். பிறகு கால்குலேட்டரில் '2என்டி' பொத்தானையும் அடுத்து 'லிங்க்' பொத்தானையும் அழுத்தி, வலப்பக்க அம்புக்குறியால் 'ரிசீவ்' பட்டிக்கு நகர்ந்து 'என்டர்' கொடுத்து, அது காத்திருப்பதாகத் திரையில் காட்டிய பின்னரே கணினியில் அனுப்புங்கள். வரிசை மாறினால் உங்களுக்கு வந்த அதே பிழைதான் வரும். 2.5 மி.மீ. பிளக்கை 'டக்' என்று உட்காரும் வரை அழுத்தவும் வேண்டும். பாதி நுழைந்த பிளக் பார்வைக்குச் சரியாகவே தெரியும்.

டிஐ-83 பிளஸ் என்ற வேறு மாடலுக்கான கோப்பின் பின்னொட்டை மட்டும், டிஐ-82 நிரல்களுக்குரிய 82பி என்று மாற்றியதாகவும் சொல்லியிருந்தீர்கள். அது பயன்படாது. கோப்பை ஒரு எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள்: முதல் எட்டு எழுத்துகளில், நட்சத்திரக் குறிகளுக்கிடையே, எந்த மாடலுக்கானது என்று எழுதியிருக்கும். கட்டளைகளின் உட்குறியீடுகளும் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், டிஐ-82க்கென்றே எழுதப்பட்ட கோப்பைத் தேடுங்கள். நிரல் சிறியதென்றால் கையால் தட்டச்சு செய்வதே விரைவு.